பதிமூணு மணி நேரம் காலை நீட்டிப் படுத்து வந்த கதை

மல்லாட்டை பிடுங்கி முடிச்சாச்சு. பத்து நாளைக்குக் கழனியில பெரிசா வேலை இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்த ஒண்ணை இப்பவாவது எழுதிடறேன். இது ஏரோப்ளேன் கதை. ஏர் பிடிக்கிறவனுக்கு ஏரோப்ளேன்ல என்ன வேலைன்னு கேட்காதீங்க, பொண்ணைக் கட்டிக் கொடுத்த இடம் அப்படி.

2019 கடைசியில சிகாகோவில பேரன் பிறந்தான். நானும் வீட்டுக்காரம்மாவும் போனோம். போகும்போது சாதா சீட்டுதான். எனக்கு ரெண்டு கெண்டைக்கால்லயும் நரம்பு சுருட்டல் இருக்கு. முப்பது வருஷம் சேத்துல நின்ன கால். சிகாகோவில இறங்கும்போது செருப்புக்குள்ள கால் நுழையவே இல்லை. அங்க பார்த்த டாக்டர், திரும்பிப் போகும்போது இப்படிக் காலைத் தொங்கப் போட்டு உட்காராதீங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

மாப்பிள்ளை வேலை விஷயமா அடிக்கடி பறக்கிறவர். அவர் சேர்த்து வெச்சிருந்த மைல் புள்ளியை எல்லாம் கொடுத்து, ஆல் நிப்பான் ஏர்வேஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் பிசினஸ் கிளாஸ் போட்டுட்டார். சிகாகோவிலிருந்து ஜப்பான் நரிடா, அங்கிருந்து சென்னை. நரிடாவிலிருந்து சென்னைக்கு அவங்க நேர் விமானம் விட்டதே 2019 அக்டோபர்லதான். "காசு ஒண்ணும் இல்ல மாமா, சும்மா கிடந்த புள்ளி" என்றார். எனக்கு மனசு கேட்கல. பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு விலை கேட்டேன். காசு கொடுத்து வாங்கினா ஒரு சீட்டே மூணு லட்சத்துக்கு மேலப்பா, அம்மாகிட்ட சொல்லாதேன்னாள். அந்த வருஷம் நான் வாங்கின பயிர்க்கடன் அதுல பாதிகூட இல்லை.

2020 பிப்ரவரி. எல்லாரும் முகக்கவசம் போட ஆரம்பிச்சிருந்த நேரம். உள்ளே போனா ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனித் தடுப்பு. பட்டனை அமுக்கினா சீட்டு மெல்ல மெல்ல நீண்டு கட்டிலாயிடுது. மேலே விரிக்க மெத்தை, போர்த்திக்க ரஜாய், காலுக்குத் துணிச்செருப்பு. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, இந்த எடத்துல ஒரு பசுவையும் கன்னையும் கட்டலாங்க" என்றாள். கட்டலாம்தான்.

முகம் துடைக்கச் சூடா ஒரு ஈரத்துண்டு வந்தது. அப்புறம் ஒரு பணிப்பெண் வந்தாள். என் பொண்ணைவிட சின்ன வயசு. பக்கத்துல வந்து நின்னு பேசல, முட்டி போட்டு உட்கார்ந்தாள். என் முகத்துக்கு நேரா அவள் முகம் இருக்கிற மாதிரி உட்கார்ந்துதான் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டாள். எனக்குக் கூச்சமாப் போச்சு. எழுந்திரும்மான்னு தமிழ்ல சொல்லிட்டேன். அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சாள்.

ஏன் கூச்சம்னா, அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக்கிட்டு மூணு மணி நேரம் நின்னவன் நான். 2018-ல ரோடு போடப் போறோம்னு எங்க பக்கம் அளந்தாங்க. என் ரெண்டே முக்கா ஏக்கர்ல கேணியை ஒட்டி ஒரு கல் நட்டுட்டுப் போனாங்க. கேட்கப் போனா உட்காருன்னு சொல்ல ஆள் இல்லை. அதே மனுஷன்கிட்டதான் இவள் முட்டி போட்டு, சாதம் வேணுமா ரொட்டி வேணுமான்னு கேட்கிறாள். நான் மாறல, சீட்டுதான் மாறியிருக்கு.

சாப்பாட்டுல ஜப்பான் சாப்பாடே கேட்டேன். நெல் போடறவன், அவங்க சோறு எப்படின்னு பார்க்காம வர முடியுமா? சின்னச் சின்னக் கிண்ணமா ஏழெட்டு. மீன் கொஞ்சம், உப்புல ஊறின காய், சோயாவைப் புளிக்க வெச்சுச் செய்யற மிசோ சூப்பு, நடுவுல சோறு. குட்டையா, குண்டு அரிசி. குழையவும் இல்லை, விதை விதையாவும் இல்லை. ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு லேசா ஒரு இனிப்பு. வெறுஞ்சோத்தையே சாப்பிடலாம். குழம்பு ஊத்திப் பிசையறதுக்கு ஆகாது. வீட்டுக்காரம்மா கைப்பையிலிருந்து எலுமிச்சங்கா ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்தாள். ஜப்பான் சோறும் எங்க ஊர் ஊறுகாயும் நல்லாத்தான் சேர்ந்தது. குடிக்க கபோசுன்னு ஒரு பழத்துச் சாறு கொடுத்தாங்க, அதுவும் நம்ம எலுமிச்சைக்குப் பங்காளிதான்.

ஒண்ணை வெட்கப்படாம சொல்லிடறேன். கக்கூஸ்ல தண்ணி இருக்கு! பட்டனை அமுக்கினா வெதுவெதுன்னு தண்ணி பீச்சுது. அமெரிக்காவில ரெண்டு மாசம் காகிதத்தோட பட்ட கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரம்மா போயிட்டு வந்து, "இவங்க நம்மாளுங்க" என்று தீர்ப்பே சொல்லிட்டாள்.

வெளியே வெயில் அடிக்குது, உள்ளே ஜன்னலை மூடி ராத்திரி ஆக்கிட்டாங்க. காலை நீட்டிப் படுத்தவன் கட்டை மாதிரி தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா காலில் வீக்கம் இல்லை. தேதியில ஒரு நாள் காணாமப் போயிருந்தது.

நரிடாவில இறங்கினப்ப நல்ல வெளிச்சம். விமானம் ஊர்ந்து போயிட்டு இருக்கு. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே வந்தேன். உயரமா ஒரு வேலி. அதுக்கு அந்தப் பக்கம் மண்ணு. பார் பிடிச்ச மண்ணு. பச்சையா வரிசை வரிசையா ஏதோ காய்கறி. சுத்தியும் சிமெண்ட்டு, விமானம் போற பாதை, நடுவுல ஒரு தோட்டம். கனவான்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

சென்னை விமானத்துக்குக் காத்திருந்தப்ப, டோக்கியோவில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். அவர்கிட்ட கேட்டேன். "நீங்க பார்த்தது நெசம்தாங்க ஐயா. அது ஒரு விவசாயியோட நிலம்" என்றார்.

அவர் சொன்னதையும், ஊருக்கு வந்து பொண்ணு தேடிப் படிச்சுச் சொன்னதையும் சேர்த்து எழுதறேன். 1966-ல, அங்க இருந்த விவசாயிங்களை ஒரு வார்த்தை கேட்காம, இங்கதான் விமான நிலையம்னு அரசாங்கம் முடிவெடுத்திருக்கு. சான்ரிசுகான்னு அந்தப் பக்கத்துக்குப் பேர். உலகப்போர் முடிஞ்சதும் வந்து கரம்பைத் திருத்திக் கழனியாக்கினவங்க அதுல நிறைய பேர். விட மாட்டோம்னு நின்னாங்க. மாணவர்களும் வந்து சேர்ந்தாங்க. பல வருஷம் அடிதடி, ரெண்டு பக்கமும் உயிர்ச் சேதம். 1978 மார்ச்சில போராட்டக்காரங்க கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளயே புகுந்து கருவிகளை உடைச்சதால திறப்பு விழா தள்ளிப்போய், மே 20-லதான் திறந்தாங்க. ரெண்டாவது ஓடுபாதை 2002-லதான் வந்தது. அதுவும் நினைச்ச நீளத்துக்குப் போட முடியல. தெற்கால நிலம் கொடுக்காதவங்க இருந்ததால 2009-ல வடக்கால நீட்டினாங்க. 1995-ல அந்நாட்டுப் பிரதமரே விவசாயிங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கார். அந்தத் தோட்டத்துக்கு இப்பவும் சுரங்கப்பாதை வழியாத்தான் போய் வரணுமாம்.

எனக்குக் கேட்கக் கேட்கத் தொண்டை அடைச்சுது. பதிமூணு மணி நேரம் சுகமாப் படுத்து வந்து நான் இறங்கினது என்னை மாதிரி ஒருத்தன் ஏர் ஓட்டின மண்ணு மேல. ஆனா உண்மையைச் சொல்லணும். அடுத்த விமானத்திலயும் பட்டனை அமுக்கிக் காலை நீட்டிப் படுத்துத்தான் வந்தேன். கால் வலிக்கு நியாயம் தெரியாது.

விமானம் கிளம்பறப்ப, கீழே வேலை பார்த்த நாலைஞ்சு பேர் வரிசையா நின்னு குனிஞ்சு கும்பிடு போட்டாங்க. அப்புறம் கை ஆட்டினாங்க. விமானம் திரும்பற வரைக்கும் ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. பஸ் ஏத்திவிட வந்த சொந்தக்காரங்க மாதிரி. வீட்டுக்காரம்மாவும் கண்ணாடியில கையை வெச்சு ஆட்டினாள். நான் இன்னொரு தரம் அந்த வேலி தெரியுதான்னு பார்த்தேன். அந்தப் பக்கம் திரும்பல.

2023 பிப்ரவரியில அந்தத் தோட்டத்துல இருந்த சில கட்டடங்களைக் கோர்ட்டு உத்தரவோட போலீஸ் காவல்ல பிரிச்சாங்கன்னு பொண்ணு போன்ல சொன்னாள்.

எங்க ஊருக்கு ரோடு வருமா வராதான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் தெளிவாச் சொல்லல. கேணி ஓரம் நட்ட கல் அப்படியேதான் நிக்குது. போன மாசத்துல இருந்து அதுலதான் கன்னுக்குட்டியைக் கட்டறோம்.