கடைசிச் சரணம்

டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் ஊர்க் கோயிலில் முதல் மணி அடிக்கும். பகலில் காலைப் பொரிக்கிற தேரி மணல் அந்நேரத்துக்குச் சில்லென்று கிடக்கும். ஆச்சி முன்னால், டார்ச் லைட்டோடு சித்தப்பா பக்கத்தில், நான் பின்னால். சித்தப்பா வாசல் வரைக்கும்தான். ஆச்சி செருப்பைக் கழற்றியதும் லைட்டை அணைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். ஆராதனை முடிந்து நாங்கள் வரும்போதும் அங்கேயேதான் நிற்பார். உள்ளே பாடுவது அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முன்பு எங்கள் சண்டே ஸ்கூல் வாத்தியார் அவர்தான். ஃபிளானல் துணியில் ஆட்டுக்குட்டிப் படத்தை ஒட்டி, காணாமல் போன ஆட்டின் கதையைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) முழுக்க அவர் குரல்தான். ஒரு ஐப்பசி மழையோடு எல்லாம் நின்றது. தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஆறாம் அதிகாரம் தனக்கென்றே எழுதியது என்றார். ஒளியைக் கண்டு, வரத்தைச் சுவைத்த பிறகு விலகிப்போனவர்களை மீண்டும் மனந்திருப்ப முடியாது என்கிற பகுதி அது. "நீ எதுலருந்துய்யா விலகிப்போன?" என்று ஆச்சி கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. விழுந்துவிட்டோம் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. இன்றைக்கென்றால் முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போயிருப்போம். அன்று ஜெபிக்க ஆள் கூப்பிட்டோம்.

இரண்டு பேர் வந்தார்கள், வேறு வேறு சபை. "இரட்சிப்பை இழந்துட்டீங்க தம்பி, அறிக்கை பண்ணித் திரும்ப வாங்கிக்கிடலாம்" என்றார் ஒருவர். அடுத்த வாரம் வந்தவர், "இரட்சிப்பை யாராலும் இழக்க முடியாது. இழந்த மாதிரி இருக்குன்னா நீங்க முதல்லயே இரட்சிக்கப்படலை" என்றார். அன்று சாயங்காலம் சித்தப்பா ஃபிளானல் படங்களையெல்லாம் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டாமவர் சொன்னதுதான் அவரை ஆழமாக வெட்டியிருக்க வேண்டும். ஆட்டுக்குட்டிக்காக அழுத அந்தக் கண்ணீரும் பொய் என்றல்லவா ஆகிவிட்டது.

மேய்ப்பனின் கையிலிருந்து ஆடுகளை யாராலும் பறிக்க முடியாது என்று யோவான் பத்தாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். பறிக்கத்தான் முடியாது, ஆடு தானே குதித்துவிட்டால் என்று மறுபக்கம் கேட்கும். பழைய வழக்கு இது. 1610இல் நெதர்லாந்தில் ஆர்மினியஸ் என்ற இறையியலாளரின் வழி வந்தவர்கள் ஐந்து கூற்றுகளை எழுதிக் கொடுத்தார்கள். விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை ஐந்தாவது கூற்றில் அவர்கள் தீர்க்கவில்லை. வேதத்தை இன்னும் ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். 1618–19இல் டார்ட் நகரில் கூடிய சங்கம், தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவன் முற்றாக விழமாட்டான் என்று தீர்ப்புச் சொன்னது. விழ முடியும் என்று ஜான் வெஸ்லி 1751இல் தனி நூலே எழுதினார். எனக்கு அந்த 1610ஆம் வருடத்துத் தயக்கத்தின் மேல்தான் மரியாதை அதிகம்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா வைணவர். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்று, இறையருளைப் பற்றி வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருநாள் சொன்னார். மருந்து கிடைத்த மாதிரி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பூனை சில குட்டிய விட்டுட்டுப் போயிரும்லா."

கல்லூரிக்குப் போன பிறகுதான் ஆச்சியின் பாட்டை எழுதியவர் யாரென்று தெரிந்தது. இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றைப் பற்றி அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாளே, அந்தப் பாட்டு. ஆங்கிலத்தில் எழுதியவர் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர். இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூரில் இருந்தார். அவ்வூர்க் குருவானவர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைக் கப்பல் ஓட்டியவர். உலகமே பாடுகிற 'அமேசிங் கிரேஸ்' பாட்டை 1773 ஜனவரி 1 ஆராதனைக்கென்று நியூட்டன் எழுதினார். அதே மாதம் கூப்பரின் மனம் உடைந்தது. பிப்ரவரியில் ஒரு கனவு. அவர் தொலைந்துபோனார், இனி ஒன்றுமில்லை என்று அதில் ஒரு குரல் சொன்னது. 1800 ஏப்ரலில் சாகிற வரை, 27 வருடம், அவர் ஆராதனைக்குத் திரும்பவே இல்லை. தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் விழமாட்டார்கள் என்ற போதனையை ஏற்றுக்கொண்டவர் அவர். தான் ஒருவன் மட்டும் அதற்கு விலக்கு என்றும் நம்பினார். சித்தப்பா சொன்ன குட்டி.

நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், ஒரு வருடத்துக்கும் மேலாக. கூப்பர் முயல் வளர்த்தார், தோட்டம் போட்டார். 1779இல் இருவர் பாட்டுகளும் ஒரே புத்தகமாக வந்தன. எழுதியவர் வீட்டில் இருந்தார். அவர் பாட்டு கோயிலுக்குள் போயிற்று.

நீ எந்தக் கட்சி என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. பிடித்திருப்பவர் விடமாட்டார் என்றே நம்புகிறேன். அதை ஒரு வாதமாக எடுத்துக்கொண்டு சித்தப்பா முன்னால் போய் நிற்க மட்டும் எனக்குத் துணிவு வந்ததில்லை.

ஆச்சியும் வாதாடியதில்லை. புது வருட ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். அவள் இரண்டு எடுப்பாள். ஒரு வருடம் கோயில்பிள்ளை, "ஆளுக்கு ஒண்ணுதான் பாட்டி" என்றார்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு வெளிய நிக்கவனுக்கு."

வேப்பமரத்தடிக்கு வந்து, என்ன வசனமென்று தானும் பார்க்காமல், அதை அவர் சட்டைப்பையில் செருகுவாள். "எய்யா, லைட்டப் போடு" என்பாள். நடப்போம்.

ஆச்சி போய் வருடங்களாகிவிட்டன. சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாத்திரையால் தூக்கம் வருகிறது. முழங்கால் வலியால் வேப்பமரம் வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. இந்த வருடம் நான் தனியாகப் போய் இரண்டு அட்டை எடுத்து வந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் விழித்தபடி இருந்தார். பையில் செருகியதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெளியே எடுக்கவில்லை.

"அந்தப் பாட்டு பாடுனாங்களால?"

"பாடுனோம் சித்தப்பா."

"கடைசிச் சரணம் வரைக்குமா? இப்பம்லாம் ரெண்டோட நிறுத்திருதாங்களாமே."

"கடைசி வரைக்கும் பாடுனோம்."