லாலாங் தந்த கோதுமை

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களிடம் லாலாங் என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக இடுப்புக்குப் போகும். தைப்பிங் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி பார்த்தது வெளிக்காட்டு வேலை; பாதிக்கு மேல் லாலாங்கோடு சண்டைதான். வெட்டினாலும் கொளுத்தினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மறுபடி முளைத்துவிடும்.

வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காகப் படித்தபோது, இமாச்சலப் பிரதேசத்தில் அதே புல்லை மதிப்போடு தேடுகிறார்கள் என்று தெரிந்தது. பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் எச்.கே. சௌத்ரி குழுவினர் கோதுமைப் பூவில் லாலாங் மகரந்தத்தைத் தூவுகிறார்கள். அந்த ஆய்வு 2005-இல் வெளியானது.

எதற்கு? இரண்டு நல்ல கோதுமை ரகங்களைக் கலந்தால், அடுத்த தலைமுறைகளில் பிள்ளைகள் ஆளுக்கொரு குணத்தோடு நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி விளைய ஆறேழு தலைமுறை காத்திருக்க வேண்டும். மஞ்சள் துரு நோய் அதுவரை காத்திருக்காது.

கோதுமையும் லாலாங்கும் புல் குடும்பம், தூரத்துச் சொந்தம். கரு உண்டாகிறது. ஆனால் செல் பிரியத் தொடங்கியதுமே லாலாங்கின் குரோமோசோம்கள் கழன்று மறைந்துவிடுகின்றன. மிஞ்சுவது தாயின் பங்கு மட்டும்: 42-இல் பாதி, 21. இதுதான் ஒற்றைமடியச் செடி.

பாட்டியிடம் சொன்னேன். "அப்போ அந்தக் கோதுமையும் வெட்ட வெட்ட மொளைக்குமா?" என்றார். இல்லை பாட்டி, அப்பன் ஜாடையே இருக்காது!

கருவுக்கு ஊட்டும் மாவுப்பகுதி விதைக்குள் உருவாகாது. அதனால் கருவைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் சத்துக்கூழ் கொடுத்து வளர்க்கிறார்கள். அதற்கு முன் அதைத் தாங்கிப் பிடிக்க 2,4-டி கொடுக்கப்படுகிறது. ஆமாம், களைக்கொல்லியாக விற்கும் அதே மருந்துதான். சிறு அளவில் வளர்ச்சி ஊக்கி. இந்தச் செடி விதை தராது. கோல்சிசின் கொடுத்து 21-ஐ 42 ஆக இரட்டித்ததும், ஜோடிக்கு ஜோடி அச்சு அசல். ஒரே தாவலில் தூய ரகம்!

இந்த வித்தை முதலில் பார்லியில் பலித்தது. 1970-இல் கனடாவில் காஷாவும் காவோவும் காட்டு பார்லியை வைத்துச் செய்தார்கள். 1980-களில் கேம்பிரிட்ஜில் கோதுமைக்குச் சோளத்தைப் பயன்படுத்தினார்கள். ஆனால் இமயமலை அடிவாரக் குளிரில் சோளம் பூக்க வேண்டுமானால் கண்ணாடி வீடு வேண்டும். லாலாங்கோ கோதுமை பூக்கும் அதே பருவத்தில் சாலையோரம் தானாகப் பூத்து நிற்கிறது. விதைக்க வேண்டாம், செலவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

அப்படிப் பிறந்த ரகம்தான் 'ஹிம் பிரதம்'. இமாச்சல மலைச் சரிவுகளில் மஞ்சள் துருவைத் தாங்கி நிற்கும் கோதுமை அது.