நான்கு மணி நேரத்தில் நான்கு பாட்டு

இசைக் குழு வைத்திருக்கும் இளைஞர்களுக்கெல்லாம் ஒரு நாள் ஓர் ஆசை பிறக்கின்றது. தங்கள் பாட்டைத் தாங்களே திரும்பக் கேட்க வேண்டும், பிறரையும் கேட்பிக்க வேண்டும் என்பதே அது. ஆசை பெரிது, கைப்பணம் சிறிது. இவ்விரண்டிற்கும் நடுவே அகப்பட்ட ஐவர் சென்ற ஆண்டு நம்மிடம் யோசனை கேட்டு வந்தனர். ஐவரும் நம் பழைய மாணவர். வயலின், கிட்டார், கீபோட், டிரம்ஸ், வாய்ப்பாட்டு என்று ஆளுக்கொரு பொறுப்பு. பாடகன் அடுத்த மாதம் குடும்பத்துடன் கனடாவுக்குப் போக இருந்தான். அவன் போனபின் குழு இருக்கும், குரல் இராது. சேர்த்த பணமோ ஒரு கலையகத்தை நான்கு மணி நேரம் வாடகைக்கு எடுக்கத்தான் போதுமாயிருந்தது.

"ஒவ்வொரு வாத்தியமாகத் தனித்தனியே பதிஞ்சால்தானே சேர் சுத்தமாயிருக்கும்?" என்றான் கிட்டார் வாசிப்பவன். உண்மைதான். ஆயினும் அம்முறையில் ஒரு பாட்டுக்கே ஒரு நாள் கழிந்துவிடும். "ஒத்திகையில் சேர்ந்து வாசிப்பது போலவே வாசியுங்கள், அதை அப்படியே பதியட்டும்" என்றோம். பிள்ளைகளின் முகம் வாடிற்று. ஏழைக்கேற்ற வழியைக் காட்டுகிறோம் என்று நினைத்தார்கள் போலும்!

பழைய கிராமபோன் தட்டுக்கள் எல்லாம் அவ்வாறு பிறந்தவையே. பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒன்றாக அமர்ந்து, ஏறக்குறைய மூன்று நிமிடத்துள் பாடி முடித்தனர். அது கிடக்க, பிள்ளைகள் போற்றும் பீட்டில்ஸ் குழுவினர் செய்தது என்ன? 1963 பெப்ரவரி 11ஆந் திகதி இலண்டன் அபே வீதிக் கலையகத்தில் ஒரே நாளில் தம் முதல் இசைத்தட்டுக்குரிய பத்துப் பாட்டுக்களைப் பதிந்தனர். இரண்டே தடங்கள் கொண்ட நாடா இயந்திரம். ஒன்றில் பெரும்பாலும் வாத்தியங்கள், மற்றதில் குரல்கள். மதிய இடைவேளையிலும் அவர்கள் வெளியே போகாமல் பாலைக் குடித்துவிட்டு ஒத்திகை பார்த்தனர். ஜோன் லெனனுக்கு அன்று சளி. ஆகவே தொண்டையை மிக வருத்தும் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். இசைத்தட்டிலே நாம் கேட்பது அதன் முதல் முயற்சியைத்தான். இதைச் சொன்ன பிறகே பிள்ளைகளின் முகம் தெளிந்தது.

சிக்கனம் என்பது கலையகத்து வாசலுக்கு வெளியே செய்ய வேண்டிய காரியம். ஆறு மாலைப் பொழுதுகள் நம் வீட்டு விறாந்தையில் ஒத்திகை நடந்தது. (அயலவரின் பொறுமையை இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.) கைத்தொலைபேசியில் பதிந்து கேட்டபோது, இரண்டாம் பாட்டு ஓட்டம் பிடிப்பதும், டிரம்ஸின் முழக்கத்தில் பாடகன் மூழ்குவதும் தெரிந்தன. டிரம்ஸ்காரன் அடக்கி வாசிக்கப் பழகினான். அதற்கே மூன்று மாலைகள் பிடித்தன. கிட்டாருக்குப் புதிய தந்திகளை இரண்டு நாள் முன்னரே மாட்டச் சொன்னோம். புதுத் தந்தி இழுபட்டுச் சுருதி இறங்கும். அதைச் சரிசெய்யும் நிமிடங்களுக்கும் வாடகை உண்டல்லவா?

கலையகத்தில் முதல் ஒரு மணி நேரம் ஒலிவாங்கிகளை வைப்பதிலேயே போயிற்று. அது வீணன்று. ஐவரும் ஓர் அறையில் வாசித்தால் ஒருவர் ஒலி மற்றவர் ஒலிவாங்கியில் புகும். முன்புறத்து ஒலியையே மிகுதியாக வாங்கும் ஒலிவாங்கியைப் பாடகனுக்குக் கொடுத்து, அதன் முதுகை டிரம்ஸின் பக்கம் திருப்பி வைத்தார் பொறுப்பாளர். கிட்டாரின் ஒலிபெருக்கி அடுத்த அறைக்குப் போயிற்று. கீபோட் நேரே கம்பி வழியாக இணைந்தது. ஐவரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டனர். ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றாமல் சற்றே தாழ்த்தி வைத்தார். மெல்லிய பதிவைப் பின்னர் உயர்த்தலாம். மிகுந்து சிதைந்ததைத் திருத்துவது கடினம்.

பாட்டு ஒன்றுக்கு மூன்று முயற்சிகளுக்கு மேல் இல்லை என்பது ஏற்பாடு. மூன்றாம் பாட்டின் இரண்டாம் முயற்சியில், சரணத்தில் பாடகனின் குரல் கொஞ்சம் உடைந்தது. அடுத்த முயற்சியில் பிசகே இல்லை. எதை வைப்பது? நால்வர் பிசகற்றதைக் கேட்டனர். அதிகம் பேசாத வயலின்காரன், "இரண்டாவதிலைதான் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிச்சனாங்கள்" என்றான். இரண்டையும் மறுபடி போட்டுக் கேட்டார்கள். குரல் உடைந்ததே நின்றது. அவன் சொன்னது சரியென்றே நமக்கும் பட்டது.

நான்காம் பாட்டுக்குப் பத்து நிமிடமே மிஞ்சியது. ஒரே முயற்சி. முடிந்த பின்னும், தாளத் தட்டின் ரீங்காரம் அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

பாடகன் போய்விட்டான். குழுவில் இப்போது புதியவன் ஒருவன் பாடிப் பழகுகின்றான். ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் தனித்தடம் இருப்பதால், பழைய பாடகனின் தடத்தை நிறுத்திவிட்டு மற்றவற்றைப் போட்டுக் கொடுக்கிறார்கள். வயலின்காரனின் ஒலிவாங்கியில் புகுந்த குரலை மட்டும் நீக்க முடியவில்லை. அது தூரத்து அறையிலிருந்து வருவதுபோல் மெல்லக் கேட்கின்றது; புதியவன் அதைக் கேட்டுக்கொண்டே தன் இடத்தில் பாடத் தொடங்குகின்றான்.