அரை அங்குலத்துக்கும் குறைவான கேள்வி

டெல்லியின் துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் களத்தில், எந்த அளவுத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பது விளையாட்டு வீரரின் எதிர்காலத்தையே தீர்மானிக்கிற விஷயம்

மெஹ்ரோலி-பதர்பூர் சாலையில் கியாசுதீன் துக்ளக்கின் இடிந்த கோட்டை மதில்களை ஒட்டிச் சென்று சூரஜ்குண்ட் பக்கம் திரும்பினால், டெல்லியின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடிப் பாறைகள், முள்மரங்கள், கொஞ்ச தூரத்தில் நீல்காய் மான்கள் திரியும் அசோலா சரணாலயம். ஆனால் இங்கு அமைதி நீடிப்பதில்லை. காற்றில் வெடிச் சத்தம் மிதந்து வருகிறது, ஒரு நேரத்தில் ஒன்றாக, நிதானமாக. சத்தம் வரும் இடம் டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் களம்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது இது. பிகானிர் மகாராஜாவாகவும் மக்களவை உறுப்பினராகவும் இருந்த கர்ணி சிங், ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் சுட்டவர். 1962இல் கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றவர். ராஜாக்கள் புலி வேட்டைக்குப் பயன்படுத்திய திறமை, விளையாட்டாக உருமாறிய கதையில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் களம் புதுப்பிக்கப்பட்டது. இப்போது காலை வேளைகளில் வாசலில் வந்து இறங்குகிறவர்கள் ராஜாக்கள் அல்ல. அரியானாவிலிருந்தும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வரும் அப்பாக்கள், சூட்கேஸ் போன்ற துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கி வரும் ராணுவ, போலீஸ் வீரர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த அரங்கில் இருக்கிறோம் என்று இங்கே சொல்லிவிடலாம். 10 மீட்டர் அரங்கில் கேட்பது மேஜையில் விரலால் சுண்டுவது போன்ற சத்தம். அது 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். 25 மீட்டர் அரங்கில் சரவெடியிலிருந்து ஒன்றைப் பிய்த்து வெடித்த மாதிரி கேட்டால் அது .22. காதை அடைத்துக்கொண்டும் நெஞ்சில் லேசாக உதைத்தால், யாரோ .32 சுடுகிறார்கள்.

துப்பாக்கி சுடுதலில் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த அளவு நல்லது என்பதுதான். சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெரிய தோட்டா என்றால் பெரிய விஷயம். இந்தக் களத்தில் கணக்கு நேர்தலைகீழ். இலக்கு காகிதம், அல்லது மின்னணுத் திரை. அதைச் சாய்க்க வேண்டியதில்லை, நடுவில் துளை விழுந்தால் போதும். ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டு சுமார் அரை கிராம். .22இன் தோட்டா சுமார் இரண்டரை கிராம். .32இல் ஆறரை கிராம். எடை கூடக் கூட, துப்பாக்கி கையை உதைக்கும் விசையும் கூடுகிறது. அந்த உதைதான் எதிரி. குண்டு வெளியேறிய பிறகு வரும் உதையால் பெரிய நஷ்டம் இல்லை. அது வரப்போகிறது என்று தெரிந்துகொண்ட கை, ட்ரிகரை இழுக்கும்போதே முன்கூட்டி நெளிகிறதே, அங்கேதான் பத்துப் புள்ளி எட்டாகிறது. பழகிவிட்டால் இந்தப் பழக்கத்தை உதற வருடக்கணக்காகும். எனவேதான் பயிற்சியாளர்கள் எல்லோரையும் ஏர் பிஸ்டலில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்ல இன்னொரு காரணம் சட்டம். 20 ஜூலுக்கு உட்பட்ட .177 ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. .22க்கு வந்துவிட்டால் லைசென்ஸ், போலீஸ் விசாரணை, மாவட்ட அதிகாரியின் மேஜை என்று ஃபைல் நகர ஆரம்பிக்கிறது. 21 வயது ஆகாதவர்கள் தங்கள் பெயரில் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிற்சி பெறும் சிறுவர்கள் கிளப்பின் துப்பாக்கியை நம்ப வேண்டும். இத்தாலியின் பர்தினி, ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் மொரினி என்று நல்ல பிஸ்டல்கள் எல்லாமே இறக்குமதி. விலை லட்ச ரூபாயைத் தாண்டும். தோட்டா செலவு தனி. தினம் 100 தோட்டா என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாள் பயிற்சிக்கு 2,500. இதை நிலத்தின் ஒரு பகுதியை விற்றுச் சமாளிக்கும் குடும்பத்துக்கு, தோட்டாவின் அளவு வெறும் தொழில்நுட்ப விவகாரம் அல்ல.

இந்தக் கேள்வி உண்மையில் சூடுபிடிப்பது சென்டர் ஃபயர் போட்டியில்தான். இதில் 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை, அதாவது .30 முதல் .38 வரை எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 30 தோட்டாக்கள் நிதானமாக. அடுத்த 30, இலக்கு மூன்று விநாடி மட்டுமே முகம் காட்டும்போது ஒன்று ஒன்றாக. துளை வளையத்தின் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும். அப்படியானால் பெரிய துளை போடும் .38தானே லாபம்? நியாயமான சந்தேகம். ஆனால் விதி எழுதியவர்கள் அதற்கு முன்பே யோசித்துவிட்டார்கள். எந்தத் தோட்டாவில் சுட்டாலும், சந்தேகத் துளையை அளக்கும் அளவுகோலின் விட்டம் 9.65 மி.மீ.தான். .32இல் சுட்டவருக்கும் .38இன் துளை இனாமாகக் கிடைக்கிறது. .38இன் இலக்குத் தோட்டா எடை ஒன்பதரை கிராமுக்கு மேல். அதன் உதையை ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? உலகின் முன்னணி வீரர்கள் .32க்குப் போனதன் ரகசியம் இவ்வளவுதான். தட்டையான முனை கொண்ட 'வாட்கட்டர்' தோட்டா காகிதத்தைக் கிழிக்காமல் தையல்காரரின் கத்தரி போல வட்டமாக வெட்டி எடுக்கிறது.

இந்தியாவில் இந்த முடிவை எடுக்கும் சிரமம்கூட இல்லை. .38, 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட ரகங்கள். சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது. அரசாங்க விதியும் விளையாட்டின் தர்க்கமும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது.

அதற்காக .32 என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. உத்தரப் பிரதேசத்தில் கௌரவச் சின்னமாக இடுப்பில் தொங்கும் கான்பூர் ரிவால்வரும் இதே .32 தோட்டாவைத்தான் விழுங்குகிறது. அதன் குழல் மூன்று அங்குலம். போட்டி பிஸ்டலுக்கு 153 மி.மீ. வரை, அதாவது இரண்டு மடங்கு நீளத்துக்கு அனுமதி உண்டு. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைந்தால், கண்ணின் மிகச் சிறிய பிழையும் 25 மீட்டர் தாண்டும்போது வளர்ந்து நிற்கும். கல்யாண ஊர்வலத்தில் மிரட்டலாம். பத்துப் புள்ளியை எடுப்பது வேறு தொழில்.

.32க்கு இந்தியாவில் தனிப் பெருமை உண்டு. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் பதின்ம வயது ஜஸ்பால் ராணா தங்கம் வென்றது சென்டர் ஃபயரில். 2006இல் தோஹாவில் காய்ச்சலோடு களமிறங்கி, அதே பிரிவில் 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். 2010இல் இதே துக்ளகாபாத்தில் ஹர்பிரீத் சிங் தங்கமும் விஜய் குமார் வெள்ளியும் தட்டிச் சென்றார்கள்.

பிறகு வந்தது சோகம். சென்டர் ஃபயர் என்றுமே ஒலிம்பிக்கில் இல்லாத ஆண்கள் பிரிவு. 2018 ஆசிய விளையாட்டுப் பட்டியலிலிருந்தும் அது காணாமல் போனது. உலக சாம்பியன்ஷிப், தேசியப் போட்டி என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அரசு வேலை, பரிசுத் தொகை, விளம்பரம் எல்லாம் ஒலிம்பிக் பதக்கத்தின் பின்னால்தான் ஓடுகின்றன. ஜீத்து ராய் 2014இல் இன்சியானில் தங்கம் வென்ற 50 மீட்டர் பிஸ்டலுக்கும் இதே கதி. 2016 ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் அது கிடையாது. பட்டியல் போடுகிறவர்கள் ஒரு வரியை அடித்தால், இங்கே ஒருவரின் பத்து வருட உழைப்பு பெட்டிக்குள் போய்விடுகிறது. கொள்ளை லாபம் என்று நம்பிப் போட்ட பயிருக்கு விலை போகாத கதைதான்.

மிஞ்சியிருப்பது .177, .22 ஆகிய இரண்டுதான். விஜய் குமார் 2012 லண்டனில் வெள்ளி வென்றது .22 ரேபிட் ஃபயரில். நான்கு விநாடிக்குள் ஐந்து இலக்குகள். முன்பு அந்தப் போட்டியில் உதையே இல்லாத .22 ஷார்ட் தோட்டாக்கள் புழங்கின. 2005இல் விதி மாறி எல்லோரும் நீளமான .22 லாங் ரைஃபிளுக்கு வந்தார்கள். ஷார்ட்டுக்காகச் செய்யப்பட்ட விலையுயர்ந்த பிஸ்டல்கள் ஒரே நாளில் காட்சிப் பொருளாயின.

பெண்களின் 25 மீட்டர் பிஸ்டலும் .22தான். போட்டி முறை சென்டர் ஃபயருக்கு இரட்டைப் பிறவி: அதே 30, அதே மூன்று விநாடி. 2024 பாரீசில் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர், இந்த .22 போட்டியில் நான்காவதாக வந்து மூன்றாவது பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டார். அவருடைய பயிற்சியாளர் .32இன் பழைய மன்னர் ஜஸ்பால் ராணா.

மாலையில் ஆரவல்லிப் பாறைகள் சிவக்கத் தொடங்கும்போது 25 மீட்டர் அரங்கு காலியாகிறது. தரையில் .22இன் காலி உறைகள், சிந்திய தானியம் போலப் பளபளக்கின்றன. நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடித்த .32 உறைகள். பெருக்கும்போது அவை தனிச் சத்தத்துடன் உருள்கின்றன.