முனகும் வண்டி

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நோக்கி, விடியுமுன் கூட்டரசு நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளுள் பழைய பிக்கப்புகளும் உண்டு. பூவும் வாழையிலையும் சுமந்து வரும் அவ்வண்டிகளை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. அத்தகைய வண்டியொன்றின் முனகல், அதற்குரிய முதியவரைச் சில நாள் உறங்கவிடாமல் செய்தது.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எழுந்த அந்த ஓசை, வண்டியை நிறுத்துவதற்காக முழுமையாக வளைக்கையில் ஓலமாகவே மாறிற்று. முதலில் பார்த்த பட்டறையில், பம்ப் பழுதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும் என்றனர். அதன் விலையோ அவருடைய மாத வருவாயில் பாதி.

இரண்டாவது பட்டறையில் இருந்த இளைஞர், கருவியை எடுக்குமுன் காதைத் தீட்டிக்கொண்டார். நீண்ட திருப்புளியின் முனையைப் பம்பின் மீது வைத்து, அதன் பிடியில் காதைப் பொருத்திக் கேட்டார். வார் தளர்ந்தால் கிறீச்சிடும். இதுவோ எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல்.

“ஐயா, பம்பைக் குறை சொல்லுமுன் எண்ணெயைப் பார்ப்போம்” என்று அவர் கலத்தைத் திறந்தார். எண்ணெய் குறியீட்டிற்குக் கீழே இறங்கியிருந்தது. அதில் நுரையும் மிதந்தது. நுரை இருக்குமாயின் எங்கோ காற்று புகுகிறது என்பது பொருள். கலத்திலிருந்து பம்பிற்குச் செல்லும் ரப்பர் குழாய் வெப்பத்தால் இறுகி, அதன் கிளிப் தளர்ந்திருந்தது. உறிஞ்சும் குழாயாதலால் எண்ணெய் வெளியே பெரிதும் சொட்டாமலே காற்று உள்ளே நுழைந்தது. காற்றுக் குமிழிகள் பம்பினுள் அழுத்தம் மிகுந்த பகுதியை அடைந்து நசுங்குவதே அந்த ஓலம். எண்ணெய் போதாதபோது தோன்றும் ஆவிக் குமிழிகளும் இவ்வாறே உடைந்து உலோகத்தை அரிக்கும். கப்பல்களின் உந்து சக்கரங்களில் 1890களிலேயே இத்தொல்லை அறியப்பட்டது. குமிழி உடையும் விதத்தை 1917இல் ராலே பிரபு கணக்கிட்டு விளக்கினார்.

குழாயும் கிளிப்பும் மாற்றப்பட்டன. கலத்தின் வடிகட்டியைத் துப்புரவு செய்து, வண்டியின் கையேடு கூறும் எண்ணெயையே ஊற்றினர். முன்சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை இரு எல்லை வரையும் மெல்லப் பலமுறை திருப்பினர். குமிழிகள் மேலெழுந்து அகன்றன. எண்ணெய் குறையக் குறைய ஊற்றினர். பின்னரே எஞ்சின் இயக்கப்பட்டது.

ஓலம் அடங்கிற்று, மெல்லிய இரைச்சல் மட்டும் எஞ்சியது. பம்ப் சிறிது தேய்ந்துவிட்டது என்பதை இளைஞர் மறைக்கவில்லை. ஸ்டியரிங்கை எல்லையில் அழுத்திப் பிடித்திருந்தால் அழுத்தமும் சூடும் மிகும், அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னார். புதிய பம்பைப் பொருத்தியிருந்தால், அதே பழைய குழாய் அதையும் முனகவைத்திருக்கும். முதியவர் கடனாளியாகியும் இருப்பார்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் வாழ்ந்து வளர்ந்த ஊர். இரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையால் விரிசலைக் கண்டறிவது அத்தொழிலின் பழைய வழக்கம். நோயின் காரணத்தைத் தேடிய பின்னரே மருந்தை நாடச் சொன்ன வள்ளுவர் நெறியும் அதுவே. வகுப்பறையில் பின்தங்கும் மாணவனை மந்தன் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவன் காலையில் உண்டானா, கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்குச் சிறிது நேரம் வேண்டும். அந்த இளைஞர் செலவிட்டதும் அவ்வளவு நேரமே.