எத்தனை பெட்டி போதும்?

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, அழகியமண்டபம் வழியாக மார்த்தாண்டம் போய்ச் சேரும்வரை சாலையின் இருபுறமும் வீடுகள் விட்டுப்போகாமல் வந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மார்த்தாண்டத்தில் திரும்பி அருமனை, குலசேகரம் பக்கம் போனால்தான் காட்சி மாறும். வீட்டைச் சுற்றித் தென்னை, வாழை, பலா, நல்லமிளகு. அதைத் தாண்டினால் மேடெல்லாம் ரப்பர். பிப்ரவரி, மார்ச்சில் போனால் ரப்பர் நிழலில் ஒற்றைக் காலில் வரிசையாக நிற்கும் தேனீப்பெட்டிகளைப் பார்க்கலாம்.

இங்கே இது நூறாண்டுத் தொழில். 1910-களில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன், நம் இந்தியத் தேனீக்குப் பொருத்தமான பெட்டியை வடிவமைத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், சிறு விவசாயக் குடும்பங்களுக்குத் துணைத்தொழில்களைச் சொல்லிக்கொடுத்தார். அவற்றில் நிலைத்து நின்றவற்றில் தேனீ வளர்ப்பு முக்கியமானது. பின்னர் தேனை விற்கக் கூட்டுறவுச் சங்கமும் வந்தது.

இந்தமுறை நான் அங்கே போனதற்குக் காரணம், நம் கேள்வி பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதம். கொடைக்கானல் மலையடிவாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 'என்னிடம் 30 பெட்டிகள் உள்ளன. தேன் நன்றாக விற்கிறது. கடன் வாங்கி 150 பெட்டியாக்கலாமா? ஏற்கெனவே இரவு பதினொரு மணிவரை நானும் மனைவியும் பாட்டில் நிரப்புகிறோம். இருவருக்கும் தூக்கமும் இல்லை, பேச்சும் இல்லை.' அவர் கேட்டது பெட்டியைப் பற்றி. எனக்குக் கவலை தந்தது கடைசி வரி. இதற்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பதில் எழுதுவதைவிட, பல தலைமுறையாக இதையே செய்கிறவர்களைக் கேட்பது நல்லது என்று தோன்றியது.

குலசேகரத்துக்கு அருகில் ஒரு தம்பதி. ஒன்றரை ஏக்கர் ரப்பர், வீட்டைச் சுற்றித் தென்னை, 60 தேனீப்பெட்டிகள். சில ஆண்டுகளுக்கு முன்பு இவர்களிடம் 140 பெட்டிகள் இருந்தன. சொந்தத் தோட்டம் போதாமல் பல இடங்களில் பெட்டி வைத்தார்கள். தேனீயைப் பகலில் இடம் மாற்ற முடியாது. எல்லாம் கூடு திரும்பிய பிறகு வாசலை அடைத்து, இரவில்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். இரவு முழுக்க வண்டி, விடியுமுன் ரப்பர் வெட்டு, பகலில் தேன் எடுப்பு என்று இரண்டு பருவம் ஓடியது. 'சாரே, எனக்க பிள்ளைக்க முகத்த நல்லாப் பாத்து நாளாச்சுன்னு ஒரு நாள் தோணிச்சு' என்றார் அவர்.

பெட்டிகளும் கெட்டன. பலவீனமான கூட்டம் எது, ராணி இல்லாத கூட்டம் எது என்று நேரத்துக்குத் திறந்து பார்க்க ஆளில்லை. மெழுகுப்புழு ஏறியது, பல கூட்டங்கள் பெட்டியை விட்டு ஓடிப்போயின. 140 பெட்டி என்று சொல்லிக்கொண்டாலும், நல்ல மகசூல் கொடுத்தவை பாதிகூட இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெருக்கக் காலத்திலும் தேன் காலத்திலும் ஒவ்வொரு பெட்டியையும் வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பெட்டிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 30 பெட்டிக்கு வாரம் 5 மணி நேரம், 60 பெட்டிக்கு 10 மணி நேரம், 150 பெட்டிக்கு 25 மணி நேரம். உச்சி வெயிலிலும் மழையிலும் பெட்டியைத் திறக்கக் கூடாது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான் கைக்கு வரும். ஆக, 150 பெட்டியைத் திறந்து பார்க்க மட்டுமே வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் போய்விடும். தேன் எடுப்பது, பாட்டில் கழுவுவது, விற்பது, பணம் வசூலிப்பது எல்லாம் அதற்கு மேலே. பணத்துக்குக் கணக்குப் போடுகிற நாம், இந்த மணிக்கணக்கைப் போடுவதில்லை.

இந்த ஊரின் பருவமே ஓய்வைக் கற்றுக்கொடுக்கிறது. ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துத் தளிர்க்கும். அதன் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை. இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஏப்ரல்வரை தேன் காலம். தளிர் வரும் அந்தச் சமயத்தில் பால் வெட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வில்லாமல் வெட்டிய மரம் பட்டை உலர்ந்து பாலே தராமல் போய்விடும் என்பது ரப்பர் விவசாயி எல்லோருக்கும் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர்வரை மழைக்காலப் பஞ்சம். அப்போது சிரட்டையில் சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். பெட்டி பழுது பார்க்கவும், உறவுக்காரர் வீட்டுக்குப் போய் வரவும் அதுதான் காலம்.

இன்று இந்தத் தம்பதி சில வழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். சட்டத்தில் முக்கால்வாசி அறைகள் மெழுகால் மூடிய பிறகே தேன் எடுக்கிறார்கள். மூடாத தேனில் நீர் அதிகம், புளித்துவிடும். மேலே உள்ள தேன் அறையில் மட்டும் எடுக்கிறார்கள், கீழே உள்ள புழு அறையைத் தொடுவதில்லை. பாட்டில் வேலை வாரத்தில் இரண்டு நாள், பகலில் மட்டும். அந்த அம்மா சொன்னார்: 'பாட்டில் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் புண்ணு. தேன் என்ன பாலா, நாளைக்குத் திரிஞ்சு போக? மூடி வெச்சா அங்கயே இருக்கும்னு நான்தான் சொன்னேன்.' முற்றிய தேனுக்கு அவர் சொன்னது முழு உண்மை.

சரக்கு தீர்ந்தால் 'அடுத்த பருவத்தில் வாருங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியே வாங்கி ஊற்றிக் கொடுப்பதில்லை. அதனால் வாடிக்கையாளர் குறையவில்லை, முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். தேன் விற்ற பணத்தில் மழைக்காலச் சர்க்கரைக்கான தொகையை முதலில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். ரப்பரையும் தென்னையையும் விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் வந்து, தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. கடன் வாங்கித் தேனை மட்டும் நம்பியவர்களுக்கு அப்போது அடி பலம். வேறு வருமானம் இருந்தவர்கள், தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கி மீண்டார்கள்.

கடிதம் எழுதிய நண்பருக்கு என் பதில் இதுதான். கடன் வாங்க வேண்டாம். இருக்கும் 30-ல் பலமான பத்துப் பன்னிரண்டு கூட்டங்களைப் பெருக்கக் காலத்தில் பிரியுங்கள். செலவு புதுப்பெட்டிக்கு மட்டும்தான். மார்த்தாண்டத்து மகசூலை உங்கள் ஊரில் எதிர்பார்க்காதீர்கள். ரப்பர் இல்லாத இடத்தில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்பதைச் சுற்றியுள்ள பூக்கள்தான் தீர்மானிக்கும். அதற்கும் முன்பாக, இந்த வாரமே இரவு வேலையை நிறுத்துங்கள்.

பால் மாடு, நாட்டுக்கோழி, காளான், மசாலாப் பொடி என்று எது செய்தாலும் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்: யார், எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம். வீட்டுப் பெண்களின் நேரத்தையும், பிள்ளைகள் உதவும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். மாட்டுக்கு மழைக்கால ஓய்வு கிடையாது. அங்கே எண்ணிக்கையைக் குறைத்தோ, முறை வைத்தோதான் ஓய்வு எடுக்க முடியும். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்றவர் பத்து நாள் சமாளிக்க முடிகிற அளவு எதுவோ, அதுதான் உங்கள் தொழிலின் சரியான அளவு. அதற்கு மேல் பெருக்க விரும்பினால், சம்பளத்துக்கு ஆள் வைக்க லாபம் இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.