வந்தான் வரத்தான்

புதிதாகக் குடியேறியவரை ஒதுக்கிப் பேசுவதற்கு நம்மிடையே பழஞ்சொல் ஒன்று உண்டு: வந்தான் வரத்தான். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்து, நெளுக்குளத்தின் ஓரத்தில் காடு வெட்டிக் குடிசை அமைத்த என் தாத்தா, அச்சொல்லை இறக்கும்வரை மறக்கவில்லை. அதனைத் தம்மிடம் கூறியவர் யாரென்று அவர் ஒருபோதும் சொன்னதுமில்லை.

அச்சொல்லை அண்மையில் எனக்கு நினைவூட்டியது ஒரு பழ ஈ. விடுதி அறையிற் கனிந்து கறுத்த கதலிப்பழத்தை மொய்த்த ஈக்களை விரட்ட எழுந்தேன். விஞ்ஞானபீடத்து நண்பன் என்னைத் தடுத்து, அவற்றின் கதையைக் கூறலானான்.

பரம்பரைச் செய்தியைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் நூல்போல இரு முனைகளை உடையவை. கலம் பிரியுமுன் டீ.என்.ஏ. படியெடுக்கப்படும்போது முனையின் சிறு பகுதி விடுபட்டுப் போகின்றது. காப்பிழந்த முனையொன்று பழ ஈயில் தலைமுறைக்கு ஏறத்தாழ 70 முதல் 80 வரையான மூலச் சோடிகளை இழக்கின்றது. உடைந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மீண்டும் கிழிந்து கேடு விளைப்பதைச் சோளப் பயிரிற் கண்டவர் பார்பரா மக்கிளின்ரொக். பழ ஈக்களுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி ஆராய்ந்த ஹேமன் முல்லர், 1938இல் இயல்பான முனைக்குத் தெலோமியர் எனப் பெயரிட்டார்.

பெரும்பாலான உயிரினங்களில் தெலோமரேசு என்னும் நொதியம் குறுந்தொடரொன்றை மீண்டும் மீண்டும் சேர்த்து இவ்விழப்பை ஈடுசெய்கின்றது. மனிதரில் அத்தொடர் ஆறெழுத்தாலானது. பழ ஈயிடமோ அந்நொதியம் இல்லை. அதன் முனைகளை ஆக்குவன இடம்பெயரும் பரம்பரைக் கூறுகள். இத்தகைய கூறுகளையும் முதன்முதல் சோளத்திற் கண்டவர் மக்கிளின்ரொக்கே. அதற்காக 1983இல் நோபல் பரிசு பெற்றார். 'குப்பை' என்றும் 'தன்னலக் கூறு' என்றும் நெடுங்காலம் இகழப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஹெட்-ஏ, டார்ட், டாரே என்னும் மூன்றும் ஈயின் நிறமூர்த்த முனைகளை நாடிச் செல்கின்றன. அவற்றின் ஆர்.என்.ஏ. படி கருவை விட்டுக் குழியவுருவுக்குச் சென்று, புரதத்தின் துணையோடு மீண்டு வந்து, முனையிலே டீ.என்.ஏ. ஆக எழுதப்படுகின்றது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில், அவை அடுக்கப்படுகின்றன. உடைந்த முனையை ஹெட்-ஏ மூடிக் குணமாக்குவது 1990இல் எடுத்துக்காட்டப்பட்டது.

இதைக் கேட்டதும் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. தாத்தாவின் காணிக்கு அப்பால் அன்று காடுதான் இருந்தது. ஊரின் விளிம்பைக் கட்டியவன் வந்தான் வரத்தானே என்று எழுதிவிட எண்ணிப் பேனாவையும் எடுத்தேன்.

பின்னர் தயங்கினேன். அக்கூறுகள் தம்மைப் பெருக்கவே முனைகின்றன. ஈயைக் காக்கும் எண்ணம் அவற்றுக்கு ஏது? அன்றியும், பயன்பட்டவனுக்கே ஊரில் இடமுண்டு என்று நானே ஒப்புக்கொண்டால், பயன்படாதவன் எங்கே செல்வான்? ஈயின் நியாயம் ஈயோடு நிற்கட்டும்.

இறுதி மூன்று ஆண்டுகள் தாத்தா படுக்கையிற் கிடந்தார். மண்வெட்டியைத் தொடும் வலுவும் அவரிடம் இருக்கவில்லை. அப்போதும் அவர் நெளுக்குளத்தவரே. அதனை எவரேனும் அவரிடம் ஒருமுறை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.